மாரிக்கு முன் ஒரு வேலை



2004 சுனாமிக்குப் பிறகு நம் மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கம் கட்டிய வீடுகளுக்கு வயதாகிவிட்டது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, கொங்கிறீட் வெடித்து விழுகிறது.

புது வீடு கட்டித்தர ஆள் இருக்கிறது. ஒழுகும் கூரைக்குக் கேட்டால் "சின்ன வேலைதானே" என்கிறார்கள். அந்தச் சின்ன வேலை நடக்காமல்தான் ஈரத்தரையில் வழுக்கி ஒரு மூத்தம்மாவின் இடுப்பெலும்பு உடைகிறது. பிறகு தொழுகையும் கட்டிலில்தான்.

நாங்கள் ஓடு மாற்றுகிறோம், வுழூச் செய்யும் இடத்தில் கைபிடி வைக்கிறோம். யாரையும் படம் எடுப்பதில்லை.

வயதானவர்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். "மௌத்தாகப் போற எனக்கு என்னத்துக்கு மகன் இதெல்லாம்" என்பார்கள். மாரி தொடங்கமுன் பக்கத்து வீட்டுக் கூரையைப் பாருங்கள். அவர்களுக்காக நீங்கள் சொல்லுங்கள்.