பெயரில்லாத வேலைக்குக் கூலி

கூலி உயர்வு கேட்டதைப் பற்றி நம்மிடம் நிறைய எழுத்து இருக்கிறது. வயலில் கேட்டது, ஆலையில் கேட்டது, கேட்டதற்காகக் கொளுத்தப்பட்டது எல்லாம் எழுதியாகிவிட்டது. 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்களே, அதன் பின்னால் இருந்ததும் கூடுதல் நெல் கேட்ட போராட்டம்தான். ஆனால் நகரத்தில், ஏசி ஓடுகிற அறையில், 'வாம்மா, போம்மா' என்று பிரியமாகப் பேசுகிற முதலாளியிடம் கூலி கேட்பது எப்படி இருக்கும் என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை. அங்கே எதிரே அரிவாள் இல்லை, அடியாள் இல்லை. பிரியம்தான் இருக்கிறது. பிரியத்தை எதிர்த்துக் கேட்பது வேறு விதமான கஷ்டம். 2011இலிருந்து 2017 வரை அடையாற்றில் ஒரு நாய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் என்ற முறையில் அதை எழுதுகிறேன்.

முதல் கஷ்டம், அந்த வேலைக்குப் பெயரே கிடையாது. டாக்டர் என்னை 'நம்ம பொண்ணு' என்பார். நாய் கொண்டுவருகிறவர்கள் 'ஆயா' என்பார்கள். எனக்கு அப்போது இருபத்தொரு வயசு, பி.ஏ. தமிழ் முடித்திருந்தேன். என்னோடு வேலை பார்த்த அண்ணனுக்கு நாற்பது தாண்டியிருந்தது. அவர் 'பையன்'. வயசான சிலர் மட்டும் அவரை 'கம்பவுண்டர்' என்று கூப்பிடுவார்கள். அன்றைக்கு அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும்.

இங்கிலாந்தில் இதே வேலைக்கு வெட்டினரி நர்ஸ் என்று பெயர். படிப்பு உண்டு, பரீட்சை உண்டு, பதிவேடு உண்டு. அங்கேயும் சும்மா வந்துவிடவில்லை. 1961இல் பயிற்சி தொடங்கியபோது 'விலங்குச் செவிலிய உதவியாளர்' என்றுதான் வைத்தார்கள். நர்ஸ் என்ற சொல் மனுசர்களைப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தச் சொல் இவர்களுக்குக் கிடைக்க 1984 ஆயிற்று. அதே 1984இல் நம் நாட்டில் இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்தது. யார் வைத்தியம் பார்க்கலாம் என்று அது சொல்கிறது. பதிவு செய்த டாக்டர் பார்க்கலாம். சான்றிதழ் வைத்திருக்கிற கால்நடை உதவியாளர்கள், மாநில அரசு அனுமதித்தால், டாக்டரின் மேற்பார்வையில் சின்னச் சின்னச் சிகிச்சைகள் செய்யலாம். அது மாட்டாஸ்பத்திரிக்குப் பொருந்துகிற ஏற்பாடு. சான்றிதழ் எதுவும் இல்லாமல், வேலையிலேயே வேலை கற்று, நகரத்து நாய் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு அதில் இடமில்லை. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கி வேப்பேரிக்குப் போனது. நூறு வருஷத்துக்கு மேலாக டாக்டர்கள் வருகிறார்கள். அந்த நூறு வருஷமும் டாக்டர் கத்தி வைக்கும்போது யாரோ ஒருவர் பிடித்துக்கொண்டுதானே இருந்திருப்பார்? அவர் எந்தத் தெருவிலிருந்து வந்திருப்பார் என்பது நமக்குத் தெரியாதா?

வேலை என்னவென்று சொல்கிறேன். காலை எட்டரைக்குப் போனதும் கூண்டு கழுவ வேண்டும். ராத்திரி தங்கின நாய்களின் மலத்தையும் வாந்தியையும் வெறுமனே அள்ளிக் கொட்டிவிட முடியாது. என்ன நிறம், ரத்தம் இருக்கிறதா, எத்தனை தடவை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பார்வோ கண்ட குட்டியின் கழிவில் ஒரு தனி நாற்றம் இருக்கும். டாக்டர் வருவதற்கு முன்னாலேயே அண்ணன் சொல்லிவிடுவார்: "தங்கச்சி, அத்த தனியா வையி. பார்வோ மாரி கீது." அந்தக் கிருமி தரையில் மாசக்கணக்கில் சாகாமல் கிடக்கும். சோப்புத் தண்ணிக்கு அடங்காது, பிளீச்சிங் போட வேண்டும். அடுத்தது நரம்பு பிடிப்பது. நாயின் முன்னங்காலை முட்டிக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தி, லேசாக வெளிப்பக்கம் திருப்பினால்தான் நரம்பு எழும்பும். அழுத்தம் கூடினால் நாய் திமிறும். குறைந்தால் டாக்டருக்கு நரம்பு தெரியாது. ஆபரேஷன் நேரத்தில் ஈறு வெளுக்கிறதா, நீலம் பாய்கிறதா, மூச்சு ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று கண் எடுக்காமல் நிற்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்கும்போது மனுசனிடம் அசையாதே என்று சொல்லலாம், நாயிடம் சொல்ல முடியாது. பிடித்துக்கொண்டு கூடவே நிற்க வேண்டும். பிடிக்க இரண்டு பேர் தேவை, எங்கள் ஆஸ்பத்திரியில் ஈயக் கோட்டு இருந்தது ஒன்றே ஒன்று. கடைசியாக, செத்த நாயைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றுவது. அதற்கு எங்களைத் தவிர வேறு யாரையும் கூப்பிட்டதில்லை.

மலம், வாந்தி, பிணம். நம்ம சனங்களுக்குப் பழகின பட்டியல்தானே இது? ஊரில் செத்த மாடு தூக்கச் சொன்னார்கள், நகரத்தில் செத்த நாய் தூக்கச் சொல்கிறார்கள். நகரத்தில் சாதி பெயரைக் கேட்க மாட்டார்கள். "நீ எந்த ஏரியாம்மா?" என்பார்கள். மயிலாப்பூர் என்றால் முகம் மலரும். மயிலாப்பூரில் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். தெருப் பெயரைச் சொன்னதும் பேச்சு நாய்க்குத் திரும்பிவிடும்.

அந்தப் பட்டியலின் நடுவில் இருந்த நரம்பு, ஈறு, மூச்சு எதுவும் யார் கண்ணிலும் படவில்லை. முதலிலும் கடைசியிலும் இருந்த மலமும் பிணமும்தான் எங்கள் வேலையாகத் தெரிந்தன. சம்பளமும் அதற்குத்தான் கொடுத்தார்கள்.

கேஸ் ஷீட் எழுதுவதும் என் வேலை. அதில் 'இனம்' என்று ஒரு கட்டம் உண்டு. லேப்ரடார், பொமரேனியன், பக் என்று எழுதிக்கொண்டே வருவேன். தெருநாயைத் தூக்கி வருகிற நல்ல மனசுக்காரர்களும் உண்டு. அந்த நாய்க்கு அந்தக் கட்டத்தில் எழுதச் சொன்ன இங்கிலீஷ் சொல் 'பரையா'. கேட்பாரில்லாமல் திரிகிற நாய்க்கு வெள்ளைக்காரன் நம்ம சாதிப் பெயரை வைத்தான். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலும் ஏற்றினான். படித்தவர்கள் இன்னும் அதை நாய் இனத்தின் பெயராகவே சொல்கிறார்கள். இப்போது சிலர் 'இண்டி' என்கிறார்கள். நான் சேர்ந்த முதல் வாரமே 'நாட்டு நாய்' என்று தமிழில் எழுத ஆரம்பித்தேன். டாக்டர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தெருநாயின் பெயரை என்னால் மாற்ற முடிந்தது. எங்களுக்கு ஒரு பெயர் வாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

2014 ஆடி மாசம் ஒரு ராட்வீலர் அண்ணனின் வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் கடித்துவிட்டது. நாயின் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவரவில்லை. ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு இலவசமாக ஊசி போட்டார்கள். ஆனால் ஊசிக்குப் போன ஒவ்வொரு நாளும் எங்கள் ஆஸ்பத்திரியில் அரைநாள் சம்பளம் பிடித்தார்கள். வெறிநோய் முற்றிவிட்டால் பிழைக்க வழி கிடையாது என்பது டாக்டருக்குத் தெரியாததா? மிருகங்களோடு வேலை செய்கிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டாக்டர் போட்டிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் யாரும் போடவில்லை.

அப்போது எனக்குச் சம்பளம் 5,500 ரூபாய். பதினோரு வருஷம் வேலை பார்த்த அண்ணனுக்கு 7,000. ஆற்றோரத்துக் குடிசையை இடித்துவிட்டு அவர் குடும்பத்தைக் கண்ணகி நகருக்கு அனுப்பியிருந்தார்கள். முன்பு நடந்து வந்தவர் இப்போது பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்தார். நான் சம்பளம் கேட்கலாம் என்றதும் அண்ணன் சொன்னார்: "இன்னா தங்கச்சி, துட்டு கேக்கப் போறியா? கேட்டா இருக்கறதும் பூடும்." ஆனாலும் கூட வந்தார். அறைக்குள் வராமல் கதவோரம் நின்றார்.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. வருத்தம்தான் வந்தது. "ஏம்மா, உனக்கு நாய்னா உயிராச்சே. உன்னை நான் வேலைக்காரி மாதிரியா நடத்தறேன்? வீட்டுப் பொண்ணு மாதிரிதானே. நீ போய் கணக்குப் பேசறியே."

நான் சொன்னேன்: "பாசம் இருக்கு சார். அதுக்கு நான் காசு கேக்கல. நரம்பு பிடிக்கறதுக்குக் கேக்கறேன்."

அந்தப் பாசம் பொய் இல்லை. ராத்திரி கண் விழித்துப் பால் புகட்டின குட்டி செத்துப்போனால் நானும் அழுதிருக்கிறேன். ஆனால் என் பாசத்தை என் கூலியில் கழித்துக்கொள்வது என்ன நியாயம்? டாக்டருக்கும்தான் நாய் என்றால் உயிர். அவர் பீஸில் அதற்காக ஒரு ரூபாய் குறைந்ததா? குழந்தை வளர்க்கிற ஆயா, நோயாளி பார்க்கிற நர்ஸ், நாய் பார்க்கிற பெண் எல்லாருக்கும் இதே கணக்குத்தான். 'வீட்டுப் பொண்ணு' என்று சொல்லிவிட்டால் வீட்டில் இருக்கிற பொண்ணு மாதிரியே சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும்.

அந்த வாரம் நானும் அண்ணனும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, நாங்கள் செய்கிற வேலைகளை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதினோம். அண்ணனுக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முப்பத்தொரு வேலை வந்தது. அதில் கழுவுவதும் தூக்குவதும் ஆறுதான். மற்ற இருபத்தைந்தும் தெரிந்து செய்ய வேண்டியவை. படித்துக் காட்டினேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத்தினியுமா நான் செய்யறேன்?" என்றார்.

தாளின் அடியில் நாலு கேட்டோம். எனக்கு 8,000, அண்ணனுக்கு 10,000. ஆஸ்பத்திரி செலவில் தடுப்பூசி, கடிபட்டால் சம்பளத்தோடு லீவு. இன்னொரு ஈயக் கோட்டு. நாலாவது, என்ன வேலை செய்கிறோம் என்று பெயர் போட்டு ஒரு கடிதம். பத்து நாள் பதில் இல்லை. பதினோராவது நாள், இரண்டாவது கோட்டு வரும்வரைக்கும் எக்ஸ்ரேக்கு நாய் பிடிக்க மாட்டோம் என்றோம். மற்ற வேலை எதையும் நிறுத்தவில்லை. இரண்டு நாள் எக்ஸ்ரேக்கு நாய்களை வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் கோட்டு வந்தது. எனக்கு 7,000, அண்ணனுக்கு 8,500 ஆயிற்று. தடுப்பூசியும் போட்டார்கள். கடிக்கு லீவு பற்றிப் பேச்சே வரவில்லை. பெயரும் தரவில்லை. "நர்ஸ்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு நீ தனியா ஊசி போடக் கெளம்பிடுவே. கேள்வி என்னைத்தான் கேப்பாங்க" என்றார் டாக்டர்.

கிடைக்காமல் போன அந்த ஒன்றின் விலை 2017இல் தெரிந்தது. வேலையை விடும்போது கொடுத்த கடிதத்தில் 'உதவியாளர், பொது வேலை' என்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தி.நகரில் இன்னொரு நாய் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "பொது வேலைதானே பாத்திருக்கே" என்று புதுசாக வருகிறவர்களுக்குத் தருகிற சம்பளம் சொன்னார்கள். ஆறு வருஷம் என் கையில் இருந்தது, தாளில் இல்லை.

பெயர் இருந்தால் எல்லாம் கிடைத்துவிடுமா என்று கேட்கலாம். கிடைத்துவிடாது. அதே 2017 நவம்பர் கடைசியில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான ஒப்பந்த நர்ஸுகள் உட்கார்ந்தார்களே, அவர்களுக்குப் பெயர் இருந்தது. பரீட்சை எழுதித் தேறியிருந்தார்கள். ஆனாலும் மாசம் 7,700 ரூபாய்தான். 2024இல் வேல்ஸ் நாட்டின் தெற்கே வேலி வெட்ஸ் என்ற கால்நடை ஆஸ்பத்திரியில் பெயரும் பதிவும் உள்ள நர்ஸுகளும் டாக்டர்களும் சேர்ந்து சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். பெயர் இருந்தால் போராட்டம் முடிந்துவிடாது. ஆனால் 'நாங்கள் இன்னார், எங்கள் வேலைக்கு இன்ன கூலி' என்று பத்துப் பேர் சேர்ந்து நின்று சொல்ல ஒரு சொல் வேண்டும். எங்களுக்கு அதுகூட இல்லை.

அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது 1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவைக் கொண்டுவந்தார். 1948இல் அது சட்டமாயிற்று. ஆனால் பட்டியலில் இருக்கிற வேலைகளுக்கு மட்டும்தான் அது செல்லும். நான் அன்றைக்குச் சங்கத் தோழர் ஒருவரிடம் கேட்டேன். நாய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரிக் கணக்கில் வருமா, கடைக் கணக்கில் வருமா என்று அவரே யோசித்தார். பட்டியல் சாதிக்காரிக்குப் பட்டியலில் இல்லாத வேலை! 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. தொழிலாளர் உரிமைகளை அந்தத் தொகுப்புகள் எப்படி வெட்டுகின்றன என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஆனால் இந்த ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பட்டியல் போய்விட்டது, குறைந்தபட்சக் கூலி எல்லா வேலைக்கும் என்றாகிவிட்டது. திறனற்றது, பாதித் திறன், திறன், உயர்திறன் என்று வேலைகளைப் பிரித்துக் கூலி வைக்கலாம் என்கிறது சட்டம். அப்படியானால் நாய் ஆஸ்பத்திரிக்காரர்களை எந்தக் கட்டத்தில் போடுவார்கள்? நாம் சும்மா இருந்தால், மலம் அள்ளுகிறவர்கள், பிணம் தூக்குகிறவர்கள் என்று முதல் கட்டத்தில் போட்டு மூடிவிடுவார்கள். மலம் அள்ளுவது திறனற்ற வேலை என்று யார் சொன்னது என்பதையும் சேர்த்தே நாம் கேட்க வேண்டும். நாற்றத்தை வைத்து நோயைச் சொன்னவர் அண்ணன்.

அடையாறு, பெசன்ட் நகர், மந்தைவெளி, தி.நகர் என்று நாய் ஆஸ்பத்திரிகள் பெருகிக்கொண்டே போகின்றன. அங்கே வேலை பார்க்கிற தம்பிகளும் தங்கச்சிகளும் ஒரு இடத்தில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். சங்கத்தில் இருக்கிற தோழர்கள் காலையில் கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் வருகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். கையில் பல் பட்ட தழும்போடு உட்கார்ந்திருக்கிறவர்களிடம் பேசுங்கள். அவர்கள் செய்கிற வேலையை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். கூலி எவ்வளவு என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.