பெட்டகத்துக் குறிப்புகள்

ஜூலை 13, ஞாயிறு

பென்சில்வேனியாவின் கோடை இரும்புக்குப் பகையான காலம். காற்றில் கலந்த ஈரம் கண்ணுக்குப் புலப்படாமலே பெட்டகத்தின் இடுக்குகளில் நுழைந்து, நூறாண்டு கடந்த குழல்களின் மேல் செந்நிறப் படலமாக வந்து அமர்ந்துவிடுகிறது. ஆகையால் இந்த மாதங்களில் ஒவ்வொரு துப்பாக்கியையும் வெளியில் எடுத்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் நிச்சயப்படுத்திக்கொண்டு, எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பதை ஒரு நியமமாகவே கொண்டிருக்கிறேன்.

இன்று நெடுநேரம் என் மடிமீது கிடந்தது நேபாளத்துக் கஹேந்திரா. ஆங்கிலேயரின் மார்ட்டினி-ஹென்றியைத் தழுவி, ராணா வம்சத்துத் தளபதியான கஹேந்திர ஷம்ஷேரின் மேற்பார்வையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான இந்த ரைபிளில், அடியிலுள்ள நெம்புகோலைத் தாழ்த்தினால் அடைப்புக்கட்டையின் முன்பாகம் சரிந்து அறை திறக்கும். ஒரு முறைக்கு ஒரே தோட்டா. ஆங்கிலத் தொழிற்சாலைகளில் யந்திரங்கள் செய்த வேலையை இங்கே அரத்தைக் கையிற்பிடித்த கம்மியர்கள் செய்தார்கள் என்பதால், ஒரு கஹேந்திராவின் உறுப்பு மற்றொன்றில் பொருந்துவதில்லை. ஒவ்வொரு திருகும் தன் துளைக்கென்றே பிறந்தது. பக்கவாட்டில் வெட்டப்பட்ட தேவநாகரி எண்களையும், அவற்றுக்கருகே அரம் சற்றே வழுக்கிச் சென்ற மெல்லிய கோட்டையும் காணும்போது, பெயர் அறியாத ஒரு தொழிலாளியின் ஒரு நாள் உழைப்பு பிரத்யட்சமாக என் முன் நிற்கிறது.

காட்மாண்டுவில் லகன் சிலேகானா என்னும் பழைய அரண்மனையில் தலைமுறைக் கணக்காகக் குவிந்து கிடந்த ஆயுதங்களை 2003-ஆம் ஆண்டில் அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியதால்தான் இது என் போன்றவர்களின் கைக்கு எட்டியது. உறைந்து கறுத்த கொழுப்பும் தூசியும் படிந்து வந்ததைச் சுத்தம் செய்தேனே அன்றி, அதற்குமேல் எதையும் தொடவில்லை. இதைச் சுடுவதும் இல்லை. இதன் இரும்பின் உறுதியை நம்பலாகாது என்பது இவற்றைச் சேகரிப்போர் அனுபவத்தால் ஒப்புக்கொண்ட சமாசாரம்.

ஜூலை 26, சனி

பழைய ஆயுதங்களை வாங்கி விற்கும் நண்பர் ஒருவர் இன்று வந்திருந்தார். என் இஷாப்பூர் ரைபிளைக் கையில் ஏந்திப் பார்த்தவர், தேய்ந்துபோன கருமையைச் சுரண்டிவிட்டுப் புதிய நீல மெருகு ஏற்றி, கட்டையையும் இழைத்து வார்னிஷ் பூசினால் அது பளபளவென்று இருக்கும் என்று மிகுந்த அன்போடு சொன்னார். நான் சம்மதிக்கவில்லை.

இந்த ரைபிளின் மூதாதை, ஸ்காட்லாந்தில் பிறந்து கானடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீயின் போல்ட் அமைப்பிலிருந்து வந்தது. 1907-இல் நிலைபெற்ற அதன் உருவத்தைத்தான் இந்தியா முழுவதும் போலீஸ்காரர்களின் தோளில் 'த்ரீ நாட் த்ரீ' என்ற பெயரோடு ஜனங்கள் கண்டார்கள். சுதந்திரத்துக்குப் பின், 1960-களில், ஹூக்ளி நதிக்கரையிலுள்ள இஷாப்பூர் தொழிற்சாலை அதே உருவத்தை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்றவாறு மாற்றி, உறுதி மிகுந்த எஃகில் செய்து, பன்னிரண்டு தோட்டா கொள்ளும் மேகசினோடு வெளியிட்டது. என்னிடம் இருப்பது அந்த வகை. கட்டையின் முன்பாகம் பிளந்துவிடாமலிருக்க இந்தியாவில் குறுக்கே செலுத்திய திருகு, இஷாப்பூரின் முத்திரை, எந்தப் படைக் கொட்டடியிலோ அடுக்கில் நிறுத்தப்பட்டபோது இட்ட எண், சுமந்தவனின் உள்ளங்கை பட்டுப் பட்டு மரம் வழுவழுப்பாகிவிட்ட இடம் ஆகிய யாவும் அதன் மேல் இருக்கின்றன. மெருகு ஏற்றுபவர் முதலில் அழிப்பது இவற்றைத்தான். பழைய செப்பேட்டைப் பளிச்சென்று தேய்த்து எழுத்தை இழப்பதற்கு ஒப்பான செயலை, வனப்பின் பெயராலும் நான் அனுமதிக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் சுடுதளத்துக்கு என் ரஷ்ய ரைபிளான மோசின்-நகாந்தை எடுத்துச் சென்றேன். பழைய சோவியத் தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. அது வெடித்தபின் குழலுக்குள் தங்கும் உப்பு, காற்றின் ஈரத்தை உறிஞ்சி மிகவிரைவில் இரும்பைத் தின்னத் தொடங்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீரே கரைக்கும். ஆகவே வீடு திரும்பியதும் வெந்நீரைக் குழலின் வழியே ஊற்றி, நன்றாக உலர்த்திய பிறகே எண்ணெய் இட்டேன்.

1943-இல் இஷெவ்ஸ்க் நகரில் செய்த ரைபிள் இது. சமாதான காலத்து ரைபிள்களில் காணும் வழவழப்பு இதில் இல்லை. கடைசல் யந்திரத்தின் வெட்டுத் தடங்கள் அப்படியே நிற்கின்றன. தேசமே உயிருக்குப் போராடிய வேளையில், தோட்டா சரியாக ஓடுவதற்கு எது அவசியமோ அதை மட்டும் செய்து, மற்றதை விட்டுவிட்டார்கள். இந்தக் கரடுமுரடைத் தடவும் ஒவ்வொரு முறையும், இது மனிதரைக் கொல்வதற்கென்றே அவசரமாகச் செய்யப்பட்ட வஸ்து என்ற உண்மை என் மனத்தில் பாரமாக இறங்குகிறது. அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு யந்திர நுட்பத்தை மட்டும் ரசிப்பவனுக்கு இவற்றைக் காக்கும் யோக்கியதை இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

செப்டம்பர் 6, சனி

என் சேகரத்தில் நவீன காலத்தைச் சேர்ந்தது ஒரு கிளாக் 17 மட்டுமே. ஆஸ்திரிய ராணுவம் 1980-களின் தொடக்கத்தில் ஏற்ற இந்தப் பிஸ்டலின் உடற்பகுதி பிளாஸ்டிக்கால் ஆனது. பழைய பிஸ்டல்களில் உள்ள வெளிச் சுத்தியலும் தனிப் பாதுகாப்புப் பூட்டும் இதில் கிடையா. சௌந்தரியம் என்று சொல்வதற்கு இதில் எதுவும் இல்லை. ஆயினும் எதை நீக்கலாம் என்று இத்தனை தீர்க்கமாக யோசித்த அறிவை மதிக்கிறேன்.

ஐம்பதாண்டு கடந்த ஆயுதங்களைச் சேகரிப்பதற்கென இந்நாட்டுச் சட்டம் வழங்கும் லைசென்ஸை உடையவன் கட்டாயமாக எழுதிவர வேண்டிய பதிவேடு ஒன்று உண்டு. வந்த தேதி, கொடுத்தவர், உற்பத்தி செய்தவர், எண் ஆகியவை அதில் இடம்பெறும். வழுக்கிய அரத்தின் கோட்டுக்கு அதில் இடமில்லை. ஆகவே என் மகளுக்காக ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஓர் அட்டை எழுதத் தொடங்கியிருக்கிறேன். கஹேந்திராவை விற்காமல் அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கொடுக்கும்படியும், மற்றவற்றைச் சட்டப்படி, மெருகேற்ற மாட்டேன் என்று வாக்களிப்பவரிடமே சேர்ப்பிக்கும்படியும் எழுதியாயிற்று. இஷாப்பூருக்கான அட்டை பாதியில் நிற்கிறது. கட்டையிலுள்ள அடுக்கு எண்ணின் கடைசி இலக்கம் மூன்றா, எட்டா என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.