முதுகுக்கு எட்டாத கை

பாட்டி வீட்டு அடுக்களைச் சன்னலில் ஒரு எண்ணெய்க் குப்பி இருக்கும். கைபட்டுக் கைபட்டு மங்கிப்போன கண்ணாடிக் குப்பி. கேரளக் கடலோரத்தில் பாட்டியின் ஊரான விழிஞ்ஞத்துக்குப் பனிக்காலம் வந்துவிட்டதை அதுதான் முதலில் சொல்லும். மார்கழியை அங்கே தனு மாதம் என்பார்கள். அது பிறந்ததும் ஒரு விடியலில் குப்பியின் அடியில் எண்ணெய் வெளுத்திருக்கும். 1972-இல் குன்றின் மேல் எழுந்த கலங்கரை விளக்கின் ஒளி சன்னலைத் தொட்டுப் போகும்போதெல்லாம் அந்த வெண்மை ஒரு கணம் தெரிந்து மறையும்.

தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உறையும். விழிஞ்ஞத்தின் மார்கழி விடியல் அந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கும். ஒரு டிகிரி இறங்கினால் எண்ணெய் கட்டிவிடும். வெயில் ஏறியதும் தெளிந்துவிடும். கம்பளியும் கணப்பும் தெரியாத ஊரில் குளிர்காலம் என்பது அவ்வளவுதான்.

ஆனால் தோலுக்கு அந்தக் கொஞ்சமே போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் காற்றில் ஈரம் குறையும். இரவெல்லாம் கரைக்காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும். காலையில் எழும்போதே உதடு இழுத்துப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் முழங்காலுக்கு மேலே நகத்தால் பெயர் எழுதுவோம். கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியதுபோல வெள்ளையாக விழும். யார் தோலில் எழுத்து பளிச்சென்று தெரிகிறது என்று போட்டி வேறு. எழுத்து விழாத பிள்ளை, வீட்டில் எண்ணெய் தேய்த்துவிட ஆள் இருக்கிற பிள்ளை.

பாட்டா, அதாவது என் தாத்தா, கட்டுமரத்தில் தூண்டிலுக்குப் போகிறவர். கட்டுமரத்துக்குப் பக்கச்சுவர் கிடையாது. கடல் அதன் மேல் ஏறி, உட்கார்ந்திருப்பவரை நனைத்து, மறுபக்கம் இறங்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. நீர் காற்றில் உலர்ந்துவிடும். உப்பு தோலிலேயே நின்றுவிடும். பாட்டா கரையேறி வரும்போது இரண்டு கால்களும் சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருக்கும். தூண்டில் கயிறு இழுத்து இழுத்து விரல் மடிப்புகளில் பிளந்த வெடிப்புகள் மழைக்காலத்தில் மூடிக்கொள்ளும், மார்கழியில் திறந்துகொள்ளும்.

பாட்டி அவரைத் திண்ணையில் ஏறவிடமாட்டாள். முதலில் கிணற்றடி. விடியற்காலைக் கிணற்று நீர் வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். நாலு வாளி ஊற்றி, வெடிப்புகளைத் தனித்தனியாகக் கழுவி, துண்டால் ஒற்றி எடுப்பாள், அழுத்தித் துடைக்கமாட்டாள். ஈரம் முழுதாகப் போகும் முன்னே எண்ணெய். ஒருநாள் நான் அவசரப்பட்டு முதலிலேயே குப்பியை நீட்டினேன்.

“உப்பு எளகாம எண்ணெ போட்டா, உப்பப் பூட்டி வச்சது மாதிரி ஆயிரும் மக்களே” என்றாள்.

அந்த எண்ணெய் கடையில் வாங்கியது அல்ல. உருக்கெண்ணெய். தேங்காய் துருவி, பால் பிழிந்து, உருளியில் ஊற்றி மெல்லிய தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீர் வற்றும்; பால் திரியும்; பிறகு திரிந்ததெல்லாம் பழுப்பாகி அடியில் இறங்க, மேலே எண்ணெய் தெளிந்து நிற்கும். அடியில் கிடப்பதைக் கக்கன் என்பார்கள். சர்க்கரை தூவி ஆளுக்கு ஒரு பிடி கிடைக்கும். அந்த மணத்துக்காகவே பனிக்காலம் எங்களுக்குப் பிடித்திருந்தது.

சோப்பு சனிக்கிழமை மட்டும். இரிஞ்ஞாலக்குடையில் கேசவன் வைத்தியர் 1940-இல் தொடங்கிய பச்சை நிறச் சந்திரிகா. மற்ற நாட்களில் பயற்றுப் பொடி. நாங்கள் சோப்புக்காக அழுவோம். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் உப்பு கொஞ்சம் கலந்திருக்கும். நுரை சரியாக வராது. வராத நுரைக்காக இன்னும் தேய்ப்போம். மறுநாள் தோல் இன்னும் வெளுக்கும். பாட்டி திட்டமாட்டாள். எண்ணெயை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, “திரும்பு” என்பாள்.

பல ஆண்டு கழித்து, பிழைப்புக்காக வந்த டெல்லியில், ஒரு ஜனவரியில் முழங்கால் வெடித்து இரத்தம் கசிந்தபோது தோல் மருத்துவரிடம் போனேன். தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் போன்றது என்றார். செங்கற்களுக்கு நடுவே சாந்துபோலக் கொழுப்பு இருக்கிறது. அது குறைந்தால் உள்ளே இருக்கும் நீர் வறண்ட காற்றுக்குப் போய்விடும். கொதிக்கிற வெந்நீர் அந்தச் சாந்தைக் கரைக்கும். தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது. சாதாரண சோப்பு காரம். குளித்துத் துண்டால் ஒற்றியதும், ஈரம் இருக்கும்போதே களிம்பு பூச வேண்டும். வெடித்த குதிகாலுக்கு யூரியா கலந்த களிம்பு, இரவில் பூசிக் காலுறை போட வேண்டும். அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கிணற்றடி தெரிந்தது.

பாட்டி செய்ததெல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். கைக்குழந்தைகளின் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவாள். அது நுரையீரலுக்குள் இறங்கிக் கெடுதல் செய்யும் என்று மருத்துவர்கள் தடுக்கிறார்கள். சிரங்குக்கும் எண்ணெயே தடவுவாள். சிரங்குக்குக் காரணமான பூச்சி எண்ணெயால் சாகாது. ஆனால் உப்பு எது, ஈரம் எது, எதற்குப் பின் எது என்பதில் அவள் ஒருநாளும் தவறியதில்லை.

பாட்டாவுக்குப் பிறகு அவளே உலரத் தொடங்கினாள். வயதானால் தோலில் எண்ணெய் சுரப்பது குறைந்துவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கடைசிப் பனிக்காலத்தில் அவள் முதுகு மீன் செதிளாக உரிந்திருந்தது. குப்பியில் எண்ணெய் கட்டியிருந்தது. ஈர்க்கால் குத்தி ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடச் சொன்னாள். எண்ணும் முன்னே உருகி விரலிடுக்கில் வழிந்தது. அவள் முதுகில் கையை வைத்தேன். அதுவரை என் முதுகைத்தான் அவள் கை அறியும். அவள் முதுகை நான் தொட்டதே இல்லை. “மெதுவா மக்களே, அவ்வளவுதான்” என்றாள். தேய்த்து முடித்தும் கையை எடுக்க மனம் வரவில்லை.

விழிஞ்ஞம் இப்போது வேறு ஊர். 2015 டிசம்பரில் தொடங்கிய துறைமுக வேலை வளர்ந்து, 2024 ஜூலையில் சான் ஃபெர்னாண்டோ என்ற முதல் சரக்குப் பெட்டகக் கப்பல் வந்து நின்றது. பாட்டா கட்டுமரத்தைக் கரையேற்றிய இடத்தில் நின்றால் பாரந்தூக்கிகள் தெரிகின்றன. மீன்பிடிக்க இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகுகள் போகின்றன. அவற்றுக்குப் பக்கச்சுவர் உண்டு. கால் நனைவது குறைந்தது நல்லதே. அந்த வீடும் கிணறும் இன்று இல்லை. குப்பி எங்கே போனது என்று யாருக்கும் நினைவில்லை.

டெல்லியில் குளித்துவிட்டு வந்ததும் களிம்புக் குழாயை எடுக்கிறேன். கால், கை, கழுத்து, எல்லாம் முறைப்படி. பிறகு தோளுக்கு மேலாக ஒரு கையையும் இடுப்பிலிருந்து மற்றொரு கையையும் வளைத்துப் பார்ப்பேன். நடு முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம், இரண்டு கைக்கும் எட்டாமல் நிற்கும். மார்கழி முழுதும் அந்த இடம் மட்டும் அரிக்கும்.