ஒரு மணித்தியால வேலை

2007ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் திகதி இரவு கொழும்பில் பலர் உறங்கவில்லை. பார்படோஸில் இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்துகொண்டிருந்தது. நானும் ஒரு கண்ணைத் தொலைக்காட்சியிலும் மறு கண்ணைக் கணினியிலும் வைத்தபடி ஒரு பேட்டிக் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். நள்ளிரவு கடந்து, அதிகாலை இரண்டு மணியை அண்மித்த வேளையில் நகரம் இருளில் மூழ்கியது. விடுதலைப் புலிகளின் விமானங்கள் வந்திருந்தன. எரிபொருள் களஞ்சியங்களே அன்று இலக்கு என்பதைப் பின்னரே அறிந்தோம். என் மேசைக்குக் கீழே இருந்த யூ.பி.எஸ். பெட்டி ஒரு தடவை முனகிவிட்டு ஓய்ந்தது. அதன் மின்கலம் பழுதாகி ஆறு மாதமாயிற்று என்பதை நான் அறிவேன். அறிந்தும் மாற்றவில்லை.

விடிந்ததும் கணினியை இயக்கினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஓர் அறிவித்தல்: விண்டோஸைத் தொடக்க முடியவில்லை, 'சிஸ்டம்' என்னும் கோப்பு காணாமற்போயுள்ளது அல்லது பழுதடைந்துள்ளது. எத்தனை தடவை நிறுத்தி இயக்கினாலும் அதே அறிவித்தல்தான்.

திங்கட்கிழமை பெட்டியை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு பம்பலப்பிட்டிக்குப் புறப்பட்டேன். விமானத் தாக்குதலுக்கு மறுநாள், வயர்கள் தொங்கும் இரும்புப் பெட்டியுடன், தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடப்பது எப்படியிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

கடையில் இருந்த இளைஞர் அறிவித்தலைப் பார்த்தவுடன் தீர்ப்பைச் சொன்னார்.

"விண்டோஸ் பழுதாப் போச்சு ஐயா. போர்மட் பண்ணித் திரும்பப் போடவேணும். ஒரு மணித்தியால வேலை. பின்னேரம் வந்து எடுத்துக்கொண்டு போங்கோ."

"உள்ளுக்குக் கிடக்கிறதெல்லாம் என்னவாகும், தம்பி?"

"முக்கியமானதெண்டால் கொப்பி எடுத்து வைச்சிருப்பீங்கள்தானே?"

எடுத்து வைத்திருக்கவில்லை. பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றிரவு நான் திருத்திக்கொண்டிருந்த பேட்டி, ஈய எழுத்துக்களைக் கையால் கோர்த்த ஒரு முதிய அச்சுக்கோப்பாளருடையது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அச்சகங்களில் நின்றே வேலை செய்தவர். பேட்டி கண்டு நான்கு மாதங்களின் பின் காலமானார். ஒலிப்பதிவு நாடாவில் பதிந்ததைக் கேட்டுக் கேட்டுக் கணினியில் எழுதிய பின்னர், அந்த நாடாவிலேயே வேறொரு கூட்டத்தைப் பதிவு செய்துவிட்டேன். பத்திரிகையாளனின் சிக்கனம்! அந்த மனிதரின் குரல் இனி எங்கேயும் இல்லை. அவர் சொன்னவை அந்த வன்தட்டில் மாத்திரமே இருந்தன.

அவர் சொன்னவற்றுள் ஒன்று இது. அச்சேறி முடிந்ததும் எழுத்துக்களைப் பிரித்து அந்தந்த அறைக்குள் போடுவதைக் 'கலைத்தல்' என்பார்கள். எழுத்துக்கள் கொஞ்சமாகவும் பக்கங்கள் அதிகமாகவும் இருந்த காலத்தில் கலைக்காமல் மறுநாள் பத்திரிகை இல்லை. ஆனால் கையில் ஓர் அச்சுப்படி இல்லாமல் அவர் ஒரு பக்கத்தையும் கலைத்ததில்லை. முதலாளி பக்கத்தில் நின்று அவசரப்படுத்திய நாட்களிலும் கலைக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

பின்னர் இதைப் பற்றித் தேடி வாசித்தபோது ஒன்று விளங்கியது. பழுதான அந்தக் கோப்பு ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவேட்டின் ஒரு பகுதி. கணினியில் என்னென்ன உறுப்புகள் உள்ளன, அவற்றை எந்த ஒழுங்கில் எழுப்புவது என்பன அதில் இருக்கும். நான் எழுதியவை அதில் இல்லை. அவை வன்தட்டில் வேறிடத்தில் சேதமின்றிக் கிடக்கலாம். வாசற்கதவின் பூட்டு உடைந்ததற்காக வீட்டை இடிக்கத்தான் அந்த இளைஞர் ஆயத்தமாயிருந்தார்.

ஆசிரியபீட நண்பர் ஒருவரிடம் உபுண்டு இறுவட்டு ஒன்று இருந்தது. அக்காலத்தில் கேட்பவர்களுக்கெல்லாம் அதைத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். 2011ஆம் ஆண்டில்தான் நிறுத்தினார்கள். அதன் சிறப்பு, வன்தட்டில் எதையும் நிறுவாமல் இறுவட்டிலிருந்தே இயங்குவது. நண்பர் வந்து இறுவட்டைப் போட்டார். சிறிது நேரத்தில் என் கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தோன்றின. பேட்டியைத் திறந்தேன். திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும்! எல்லாம் போய்விட்டது என்றே எண்ணினேன்.

போகவில்லை. நான் எழுதியது பாமினி எழுத்துருவில். அதில் 'அம்மா' என்ற சொல் கணினிக்குள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கும். அதற்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு. உபுண்டுவில் பாமினி இல்லை. அன்று இந்தச் சிறு விடயம் விளங்கியிராவிட்டால், பழுதான கோப்பு என்று நானே அதை அழித்திருப்பேன்.

ஆகவே கட்டுரைகளோடு விண்டோஸுக்குள் இருந்த எழுத்துருக்களையும் இரவல் வன்தட்டொன்றில் பிரதி எடுத்தோம். மேசைத் திரையில் வைத்தவையும் சி பிரிவில்தான் இருக்கின்றன என்பதை நண்பர் நினைவூட்டினார். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மின்னஞ்சல்கள் ஒளித்துவைக்கப்பட்ட கோப்புறை ஒன்றில் கிடந்தன. அவற்றைத் தேடிப் பிடிக்கவே ஒரு பின்னேரம் போயிற்று.

பிரதி கைக்கு வந்த பின்னர், மீள நிறுவுவதா இல்லையா என்ற கேள்வி மிகச் சிறியதாகிவிட்டது. எக்ஸ்பி தன் பதிவேட்டின் ஆரம்பப் பிரதியை 'ரிப்பெயார்' என்ற கோப்புறையில் வைத்திருக்கும். நண்பர் அதை எடுத்துப் பழுதானதன் இடத்தில் வைத்தார். கணினி எழும்பியது, ஆனால் வாங்கிய நாளிலேயே நின்றுவிட்ட நினைவோடு எழும்பியது. அச்சுப்பொறியை அதற்கு அடையாளம் தெரியவில்லை. நாளுக்கு இரண்டு தடவை உறைந்தும் போயிற்று. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதே கடைக்குக் கொண்டுபோனேன்.

"அப்பவே சொன்னனான்தானே, ஐயா" என்றார் இளைஞர்.

கணினியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு மணித்தியாலம் என்றது மாத்திரம் பிழை. விண்டோஸ், அச்சுப்பொறி, தமிழ் விசைப்பலகை என்று எல்லாவற்றையும் பழைய ஒழுங்குக்குக் கொண்டுவர இரண்டு நாட்கள் பிடித்தன.

மின்சாரம் போன இரவில் எழுதிய முன்னுரைப் பந்தியைச் சேமித்திருக்கவில்லை. அது போனது போனதுதான். மற்றவை இருந்தன. பாமினியை நிறுவிப் பேட்டியைத் திறந்தேன். தமிழ் தெரிந்தது. மறுபடி திருத்த உட்காருமுன் பதினொரு பக்கங்களையும் அச்சிட்டு, துளையிட்டு, கோவையில் போட்டேன்.