ஆறு வாரம் கால் ஊன்றாதே என்றால்

இளையாத்தங்குடி பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கிற வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். தேக்குத் தூணும் நிலையும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போகும். தூக்குகிறவர்கள் காலில் ரப்பர் செருப்பு, சிலருக்கு அதுவும் இல்லை. போன வருடம் எங்கள் சித்தப்பாவின் வலது பாதத்தில் ஒரு நிலைக்கட்டை விழுந்தது. "சுளுக்குத்தான்டா, எண்ணெய் போட்டு நீவு" என்றார் மேஸ்திரி. சித்தப்பாவுக்கு ஐம்பது வயது. அந்த 'டா'வை இன்னொரு நாள் பேசுவோம்.

பாதத்தில் 26 எலும்புகள். விரல்களுக்குப் பின்னால் நீளும் ஐந்தும் அடிக்கடி முறிகிறவை. முறிந்தாலும் சிலரால் நொண்டி நடக்க முடியும். "நடக்கிறானே, எலும்பு எப்படி உடைஞ்சிருக்கும்?" என்ற பேச்சு அதனால்தான் ஆபத்து. கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் வகுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. நடுப்பாதம் வலிக்கிறது, நாலு எட்டு வைக்க முடியவில்லை, அல்லது பாதத்தின் வெளி விளிம்பில் நடுவே துருத்தும் மேட்டை அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உள்பக்க மேட்டுக்கும் அப்படியே. கனமான பொருள் விழுந்து வீங்கினால் சோதனையே வேண்டாம், நேரே எக்ஸ்ரேதான். நீவக் கூடாது.

புத்தூர் கட்டை நாங்கள் பழிக்கவில்லை. எலும்பு விலகாத பல முறிவுகளுக்குக் கட்டும் ஓய்வும் போதும். ஆனால் விலகியிருக்கிறதா என்பதைப் படம்தான் சொல்லும். எந்தக் கட்டானாலும், விரல் நீலமானால், மரத்துப்போனால், வலி ஏறிக்கொண்டே போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் வலியே தெரியாமல் போகலாம்.

சித்தப்பாவுக்கு இரண்டு எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் கால் ஊன்றாதே என்றார் டாக்டர். தினக்கூலி வீட்டில் அது ஆறு வாரச் சோறு.

அதற்குள் மேஸ்திரி சொல்லியனுப்பினார்: "வேலையில அடிபட்டதுன்னு சொல்லாதே, வாசப்படியில விழுந்தேன்னு சொல்லு." காரணம் இருக்கிறது. மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாமல் செய்யும் காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கட்டடம் இடிக்கும் வேலையும் அதில் அடக்கம். நாங்கள் பக்கத்தில் நின்று, வேலை இடத்தில் கட்டை விழுந்ததாகவே விபத்துப் பதிவேட்டில் எழுதவைத்தோம்.

தோழர்களே, சாதித் தாக்குதலிலும் இதே கதைதான். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்; முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 320, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 116. பயந்துபோய் "கீழே விழுந்தேன்" என்று சொன்னால் வழக்கு அங்கேயே நொண்டியாகிவிடும். போலீஸ் வந்தால்தான் பார்ப்போம் என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்த்துவைத்த விஷயம் அது.

சிவகங்கை அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அங்கே 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் எங்கள் மக்கள்மீது எட்டுத் தடைகள் போட்டார்கள். ஹட்டன் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். செருப்புப் போடக் கூடாது என்பதும் அதில் உண்டு.

சித்தப்பாவின் மனு இன்னும் நிலுவையில். மேஸ்திரி இப்போது எல்லாரையும் ஷூ போட்டு வரச் சொல்கிறாராம். யார் வாங்கித் தருவது என்று மட்டும் பேச்சில்லை.