ரிங்குக்கு ஐந்து வளைவு

சென்னையில் மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் எழும்பிக்கொண்டிருக்கும் வீடுகளில் கம்பி வேலை நடக்கும் மூலையைத் தேட வேண்டியதில்லை. கனத்த பலகை ஒன்று, அதில் அறைந்த நான்கைந்து இரும்பு முளைகள், நுனியில் பிளவுள்ள ஒரு தடி, பக்கத்தில் ஒரே அளவாக வெட்டிக் குவித்த 8 எம்.எம். கம்பித் துண்டுகள். குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பவர் துண்டை முளைகளுக்கு நடுவே செருகி இழுக்கிறார். மூன்று மூலை திரும்புகிறது. நான்காவது மூலையில் இரண்டு நுனியையும் கொக்கியாக மடக்குகிறார். பில்லரின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றி மாட்டும் ரிங் தயார். மூலைக்கு மூன்று, கொக்கிக்கு இரண்டு, ஆக ஐந்து வளைவு. பூமி ஆடும்போது அந்த வீடு நிற்குமா சரியுமா என்பதில், கணினியில் கணக்குப் போட்ட பொறியாளருக்கு இருக்கும் பங்குக்குக் குறையாத பங்கு இந்தக் கடைசி இரண்டு வளைவுகளுக்கும் உண்டு. அவை பல இடங்களில் தப்பாகவே அமைகின்றன. அதற்குத் தொழிலாளியின் அறியாமையைக் காரணம் சொல்வது வழக்கம். தளங்களில் பார்த்த அளவில், அந்தப் பழியைக் கூலி கணக்கிடும் முறைமேல்தான் போட வேண்டும் என்பேன்.

கொக்கிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? நிலநடுக்கம் கட்டடத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. பில்லர் தலையிலும் அடியிலும்தான் மிக அதிகமாக வளைகிறது. வெளிப்பக்கம் ஒன்றரை அங்குலத்துக்கு இருக்கும் கவர் கான்கிரீட் முதலில் உதிர்ந்துவிடும். அது உதிர்வதால் மோசமில்லை. உள்ளே இருப்பது சிதறாமல் ரிங் பிடித்துக்கொண்டால், தூண் விரிசல் விட்டாலும் பாரத்தைத் தாங்கி நிற்கும். குடியிருப்பவர் இறங்கி ஓட அவகாசம் கிடைக்கும். ரிங்கின் நுனி 90 டிகிரியில் மடிந்திருந்தால் அதன் வால் அந்தக் கவர் கான்கிரீட்டுக்குள்தான் கிடக்கும். கவர் போனதும் வாலுக்குப் பிடிப்பில்லை. ரிங் வாய் திறக்கும், நெடுக்குக் கம்பிகள் வெளியே புடைக்கும், உள் கான்கிரீட் கொட்டும். நுனியை 135 டிகிரிக்கு உள்நோக்கி மடக்கினால் வால் தூணின் நெஞ்சுக்குள் பதிந்துவிடுகிறது. ஐ.எஸ். 13920 என்ற இந்தியத் தரவிதியின் 2016 பதிப்பு இதைத்தான் கேட்கிறது: 135 டிகிரி கொக்கி, அதன் வால் கம்பிக் கனத்தின் ஆறு மடங்கு, எப்படியும் 65 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பில்லரின் இரு முனைகளிலும் ரிங்குகளின் இடைவெளி 100 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. தூண் ஒல்லியானால் இன்னும் நெருக்கம். தூணின் குறைந்தபட்சப் பக்கம் 300 மி.மீ. நம் ஊரில் சுவருக்குள் மறைய வேண்டும் என்பதற்காக 9 அங்குலத்தில் போடும் பில்லர் இந்த விதியை வாசலிலேயே தவறவிடுகிறது என்பது தனிக் கதை.

விதி தெரிந்த இடத்திலும் வேலை ஏன் வழுக்குகிறது என்பதற்குக் கம்பி கட்டுபவர்களிடம் நியாயமான பதில் இருக்கிறது. இரண்டு கொக்கியையும் பலகையிலேயே 135-க்கு மடக்கிவிட்டால், நட்டு நிற்கும் கம்பிகளின் நடுவில் பக்கவாட்டிலிருந்து அந்த ரிங்கை மாட்ட முடியாது. தலைக்கு மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். ஆகவே ஒரு கொக்கியை முழுதாக மடக்கி, இன்னொன்றைப் பாதியில் விட்டு, மாட்டிய பிறகு பைப்பை நுழைத்து அழுத்தி மூடுவதாக ஏற்பாடு. அந்த அழுத்தல்தான் சாயங்கால அவசரத்தில் விட்டுப்போகிறது. பில்லரும் பீமும் சேரும் முடிச்சில் நிலைமை இன்னும் மோசம். பீம் கம்பிகளைச் சென்ட்ரிங் பலகைமேல் வைத்துக் கட்டி, மொத்தக் கூடாக உள்ளே இறக்குகிறார்கள். இறங்கியபின் அந்த முடிச்சுக்குள் கை போகாது. ரிங் மாட்ட வழியில்லை. தளம் தளமாகப் பாருங்கள், பில்லரில் ஒழுங்காக ஏறிவந்த ரிங் வரிசை பீமின் அடிவயிற்றில் நின்றுபோய், மேல்மட்டத்தில் மறுபடி தொடங்கும். விசை முறுக்கிப் பிழியும் இடத்தில் தூண் வெறும் கம்பியும் கான்கிரீட்டுமாக இருக்கிறது. மறுநாள் காலை கான்கிரீட் லாரி வந்துவிட்டால் இதைப் பார்க்கும் கடைசி வாய்ப்பும் போய்விடும். பார்க்க வரும் பொறியாளர் நெடுக்குக் கம்பி எத்தனை, கனம் என்ன என்று எண்ணிவிட்டுப் போகிறார். கொக்கியைக் குனிந்து பார்ப்பவர் குறைவு.

இப்போது கூலிக் கணக்குக்கு வருவோம். பெரிய வேலைகளில் கம்பிக் கூலி டன்னுக்கு இவ்வளவு. சிறிய வீடுகளில் சதுர அடிக்கு இவ்வளவு. 25 எம்.எம். கம்பி மீட்டருக்கு 3.85 கிலோ. 12 மீட்டர் நீளத்தில் இருபத்திரண்டு கம்பியை வெட்டி நிறுத்தினால் ஒரு டன் முடிந்தது. 8 எம்.எம். கம்பியோ மீட்டருக்கு 0.395 கிலோதான். ஓரடிச் சதுரத் தூணுக்கான ரிங் ஒன்று ஏறக்குறைய 420 கிராம். ஒரு டன்னுக்கு 2,300-க்கு மேல் ரிங்; வளைவுகளோ பன்னிரண்டாயிரத்தை நெருங்கும். கட்டுக்கம்பியால் கட்டும் வேலை அதன்மேல். இரண்டு டன்னுக்கும் ஒரே விலை. சதுர அடிக் கணக்கிலோ, பத்து ரிங் கூடுதலாகப் போட்டாலும் சல்லிக்காசு கூடாது. நிலநடுக்கத்துக்குத் தேவையான நெருக்கமான ரிங்கும் முழுக் கொக்கியும் கூலியே இல்லாத உழைப்பாகத்தான் இந்தக் கணக்கில் நிற்கின்றன. கூலி இல்லாத வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. மாதச் சம்பளக்காரர்களாகிய நாமும்தான்.

சென்னைக்கு நிலநடுக்கம் எங்கே வருகிறது என்பார்கள். 2001 ஜனவரி 26 காலை கட்ச் பகுதியில் நிலம் அதிர்ந்தபோது, 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். விழுந்தவற்றில் பல, கார் நிறுத்தத் தரைத்தளத்தைத் திறந்துவிட்டு, வெறும் பில்லர்மேல் நின்றவை. நாட்டின் நிலநடுக்க ஆபத்து வரைபடத்தில் அகமதாபாத் இருந்தது மூன்றாம் மண்டலத்தில். 2002-இல் திருத்திய வரைபடம் சென்னையையும் அதே மண்டலத்தில் வைத்தது. கட்ச் போன்ற பெரும்பிளவு நம் பக்கத்தில் இல்லை என்பது உண்மை. அந்த அளவு அதிர்வை இங்கே யாரும் எதிர்பார்க்கவுமில்லை. ஆனால் 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவில் ஒன்று வந்திருக்கிறது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் வந்ததைச் சென்னையும் உணர்ந்தது. சதுப்பைத் தூர்த்துக் கட்டிய பள்ளிக்கரணை வட்டாரத்து இளகிய மண் அதிர்வைப் பெருக்கிக் காட்டும் வகை. திறந்த தரைத்தளம் இங்கே எத்தனை என்பதற்கு எந்தத் தெருவிலும் நாலு வீடு நடந்தால் போதும்.

செலவு ஏறும் என்பது அடுத்தது. பன்னிரண்டு தூண் உள்ள வீட்டில் ஒரு தளத்துக்குத் தூணுக்குப் பதினைந்து ரிங் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். இரும்பு 75 கிலோ சொச்சம். அந்தத் தளத்தின் மொத்த இரும்பில் சிறு துளி. கூடுவது 900 வளைவு. ஆக, ஏறும் செலவில் பெரும்பகுதி மணிக்கட்டின் செலவுதான். இயந்திரத்தில் வளைத்த ரிங் கடைகளில் கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறது, நல்லதும்கூட. ஆனால் அது வளைவை மட்டும் தீர்க்கும். முடிச்சுக்குள் மாட்டுவதையும் கடைசிக் கொக்கியை மூடுவதையும் இயந்திரம் செய்யாது. தொழிலாளிக்குப் பயிற்சி இல்லை என்ற பேச்சை நான் பாதிதான் ஏற்கிறேன். இங்கே கம்பி கட்டுபவர்களில் பலர் பீகாரிகள். அவர்களில் மதுபனி, தர்பங்கா பக்கத்துக்காரர்கள், 2002 வரைபடம் ஆபத்து மிகுந்ததாகக் குறித்த ஐந்தாம் மண்டலத்திலிருந்து வருகிறவர்கள். அந்த மண் 1934-இல் எப்படி ஆடியது என்பது அங்கே குடும்பக் கதை. காட்டிக்கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்ளும் வேலை இது. ரிங்குக்குத் தனி விலை என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் பயிற்சி மட்டும் தருவது, எதைச் செய்தால் நஷ்டம் என்று கற்றுக்கொடுப்பதாகத்தான் முடியும்.

ஏற்கெனவே கட்டி முடித்தவற்றில் இதே கணக்கு வேறு வேடத்தில் வருகிறது. கடற்காற்றில் துருவேறிய பில்லருக்குச் சென்னையில் ஜாக்கெட்டிங் செய்யும் குழுக்கள் நிறைய. ஜாக்கியால் பீமைத் தாங்கி, பழைய கவரைக் கொத்தியெடுத்து, துருவைத் தேய்த்து, சுற்றிலும் புதுக் கம்பி நிறுத்தி, இரண்டு பாதியாக வளைத்த ரிங்கைக் கோத்துக் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். துருவுக்கு இது போதும். நிலநடுக்கத்துக்குப் புதுக் கம்பிகள் தளத்தைத் துளைத்து அடுத்த மாடிக்குத் தொடர வேண்டும். பீமைத் தாண்டி, ரிங்கும் தொடர வேண்டும். தளத்தைத் துளைக்க மேல்வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், அவர் வீட்டு டைல்ஸ் உடையும், வேலை இரண்டு நாள் நீளும். குழுக்கள் தரும் விலையோ பில்லரின் அடிக் கணக்கில்; துளைக்கு அதில் இடமில்லை. ஆகவே புதுக் கம்பி பீமின் அடியிலேயே நின்றுவிடுகிறது. கீழே தூண் முன்னைவிடத் தடித்து, பார்க்கத் தெம்பாகத் தெரிகிறது. அடுத்த பெரிய அதிர்வில் முதலில் உடையப்போவது அந்தப் பருமனுக்கும் பீமுக்கும் இடையிலுள்ள, கம்பி தொடராத சந்திதான்.