மதுரையிலிருந்து சென்னைக்கு: வாடகையா, ரயிலா?

அடுத்த மாதம் சென்னைக்குக் குடிபெயர்கிறோம். எனக்கு நுங்கம்பாக்கத்தில் ஆபீஸ், வீட்டுக்காரம்மாவுக்குச் சிறுசேரியில். ஒருவர் ரயில் பாதையில், இன்னொருவர் ஓ.எம்.ஆரில். இப்படி ஒரு பொருத்தம் எந்த ஜாதகத்திலும் வராது.

நுங்கம்பாக்கத்தில் ஒரு பெட்ரூம் வீட்டுக்குச் சொல்லும் வாடகையில் ஊரப்பாக்கத்தில் இரண்டு பெட்ரூமே கிடைக்கிறது. ஆனால் நிறைய மின்சார ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடும்; செங்கல்பட்டு வண்டியைத் தவறவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். தாம்பரத்திலிருந்து பீச் வரைக்கும் டிக்கெட் பத்தே ரூபாய். ஸ்டேஷனுக்குப் போய்வரும் ஷேர் ஆட்டோதான் பர்ஸைக் கரைக்கிறது.

சோழிங்கநல்லூர் அவளுக்கு வசதி. அங்கே இன்னும் மெட்ரோ வேலை நடக்கிறது, நான் கிண்டி வருவதற்குள் பாதி நாள் ஓடிவிடும். லாரித் தண்ணீர்ச் செலவு வேறு.

முடிச்சூரில் மலிவாக ஒரு வீடு காட்டினார்கள். 2015 வெள்ளத்தில் அந்தப் பக்கம் பட்ட பாடு தெரியும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன்.

பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 2017 சட்டம். சொன்னால் புரோக்கர் சிரிக்கிறார்.

இப்போதைக்குப் பெருங்களத்தூர் என்று முடிவு. எனக்கு ரயில், அவளுக்கு வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை. ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில், தண்ணீர் நன்றாக வருகிற வீடு தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.